பார்க்காமல் சொன்ன ‘கிளியர்’

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கேத் லேபில் என் இடத்துக்கு வந்தவள். கை அல்லது தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கதீட்டரைச் செலுத்தி, இதயத்தில் எங்கே அடைப்பு என்று பார்க்கிற அறைதான் கேத் லேப். தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேபில் டெக்னீஷியனாக என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

“மேடம், ஒரு குட் நியூஸ். நீங்க பேஷன்ட் கிட்ட ரயில்வே ஸ்டேஷன் பேரெல்லாம் கேப்பீங்களே, அத இப்போ ஆஸ்பத்திரியே ஃபார்மா போட்டுட்டாங்க. ப்ரொசீஜருக்கு முன்னாடி ஒரு தடவை, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ஒரு தடவை, ஞாபகம் சரியா இருக்கான்னு செக் பண்ணணும்.”

“எப்படி செக் பண்றீங்க?”

“ஈஸிதான் மேடம். கட்டம் போட்டிருக்கு. டிக் பண்ணா போதும்.”

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சந்தோஷப்பட விடவில்லை.

“கேட்டுட்டு டிக் பண்றியா, டிக் பண்ணிட்டுக் கேக்கறியா?”

நித்யா சிரித்தாள். “ரிட்டயர் ஆகியும் உங்களுக்குச் சந்தேகம் மட்டும் ரிட்டயர் ஆகல மேடம். இதையெல்லாம் எழுதிக் குடுங்க, நம்ம டெக்னீஷியன் சங்க மலர்ல போட்டுடலாம்.”

எழுதுகிறேன். என் சந்தேகம் யார் மீது தொடங்கி யாரிடம் வந்து நின்றது என்பதையும் சேர்த்து.

டிப்ளமா முடித்து, நான்கு ஆண்டுகள் எக்ஸ்ரே பிரிவில் இருந்து, பிறகு கேத் லேபுக்கு வந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லோரையும் போல நானும் முதல் மாதம் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியின் கனத்தில் தோள் வலித்து அழுதேன், இரண்டாம் மாதம் மறந்துவிட்டேன். நோயாளிகள் என்னை ‘சிஸ்டர்’ என்றே கூப்பிடுவார்கள். நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன் என்று ஒரு வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

செம்பாக்கத்தில் வீடு. மாலையில் வந்து குளித்ததும் முதல் வேலை டைரி. கோடு போட்ட நீள நோட்டு. நோயாளியின் முதலெழுத்து, வயது, எந்த வழி, கதீட்டர் எத்தனை முறை மாற்றினோம், ரத்தக் குழாயைத் திரையில் காட்டும் மருந்துச் சாயம் எவ்வளவு, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘ஏர்’. அதன் கீழே ஒவ்வொரு வரியிலும் ஒரு டிக். வருடக்கணக்காக அந்தக் கட்டத்தில் டிக் தவிர வேறு எதுவும் விழுந்ததில்லை. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் கட்டம் எதற்கு என்று சொல்லியாக வேண்டும். கதீட்டர் இதயத்துக்குப் பக்கத்தில் போய் நின்றதும் முதலில் கொஞ்சம் ரத்தத்தைப் பின்னுக்கு இழுப்போம். உள்ளே காற்றோ உறைந்த துணுக்கோ இருந்தால் அது சிரிஞ்சுக்குள் வந்துவிடும். அந்தச் சிரிஞ்சை ஒதுக்கிவிட்டு, வேறொன்றில் சுத்தமான உப்புநீர் எடுத்துச் செலுத்துவோம். சிரிஞ்சின் நுனி கீழே, பின்பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும். குமிழி இருந்தால் மேலே ஏறிப் பின்னால் நின்றுகொள்ளும், நோயாளிக்குள் போகாது. பாட்டிலிலிருந்து கதீட்டர் வரைக்கும் உள்ள குழாயை விரலால் சுண்டி, வழியில் இருக்கும் மூன்று அடைப்புத் திருகுகளுக்கும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகளைக் கிளப்பி வெளியேற்ற வேண்டும். ஏனென்றால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் முதல் கிளைகளிலேயே மூளைக்குப் போகிற பாதைகள் இருக்கின்றன. அங்கே விட்ட குமிழி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவும் முடிந்ததும் டாக்டர் ஒரே ஒரு சொல் கேட்பார்: “ஏர்?”

டெக்னீஷியன் சொல்ல வேண்டியது: “கிளியர் சார்.”

அதன் பிறகுதான் சாயம் உள்ளே போகும். ஒரு கேஸில் இது பல தடவை. ஒரு நாளில் பல கேஸ்.

எங்கள் டாக்டர் வரதன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் “ஸ்டெல்லா” என்பவர், தப்பு நடந்தால் “ஸ்டெல்லா அவர்களே” என்பார். அந்த ‘அவர்களே’க்கு லேபே நடுங்கும். மற்ற டாக்டர்கள் ஈய அங்கியைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் மடிப்பு விழாமல் கம்பியில் மாட்டி, இரண்டு தோளையும் இழுத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் நகர்வார். மடிந்தால் உள்ளே ஈயத்தகட்டில் விரிசல் விழும், விழுந்தது வெளியே தெரியாது என்பார். வேலை நடக்கும்போது அவர் கண் திரையை விட்டு அசையாது. “ஏர்?” என்று கேட்கும்போதும் திரையைப் பார்த்தபடியேதான் கேட்பார். பதில் வந்த நொடியே விரல் அழுத்தும்.

என் சந்தேகம் ஒரு பெண்மணியிடமிருந்து தொடங்கியது. பொத்தேரியில் மாணவர் விடுதி நடத்துகிறவரின் மனைவி. ஆஞ்சியோ முடிந்த மறுநாள் வார்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சிஸ்டர், இவரு காலைல இருந்து எதுக்கு இங்க வந்தோம்னு மூணு வாட்டி கேட்டுட்டாரு. நேத்து வரைக்கும் ஒவ்வொரு ரூம் பையன் பேரும் ஊரோட சொல்லுவாரு. உள்ள இன்னா பண்ணீங்க?”

தூக்கமில்லாததால் இருக்கும் என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் ‘உள்ளே என்ன பண்ணீங்க’ என்பது காதைவிட்டுப் போகவில்லை.

அப்போதெல்லாம் பெரும்பாலும் தொடை வழிதான். வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துத் தொடையில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குழாயை உருவி, அந்த இடத்தை விரல்களால் இருபது நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். எழுந்து போக முடியாது, கையை மாற்ற முடியாது. நோயாளியும் அசையக் கூடாது. இரண்டு பேருக்கும் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இருபது நிமிடத்தில் நான் ஒரு கேள்வி வைத்தேன்: “தாம்பரத்துல ஏறுனா மாம்பலம் வரைக்கும் என்னென்ன ஸ்டேஷன் வரும், வரிசையா சொல்லுங்க.” இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அந்த மின்சார ரயிலில்தான் தேய்ந்தவர்கள். தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

பலர் சொன்னார்கள். சிலர் திரிசூலத்தை விட்டார்கள். சிலர் மீனம்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இடம் மாற்றினார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குரோம்பேட்டைக்குப் பிறகு நின்று, என் முகத்தைப் பார்த்து, கண் கலங்கிவிட்டார். எல்லாவற்றையும் டைரியில் எழுதினேன். பக்கம் நிரம்ப நிரம்பச் சந்தேகம் கூடியது. தூக்க ஊசியா? அந்த வருடம் மாற்றிய சாய மருந்தா? டாக்டரின் வேகமா? ஒரு வாரம் ஊசியின் அளவுகளையெல்லாம் குறித்தேன். அடுத்த வாரம் டாக்டர் ஒரு கதீட்டரை மாற்ற எத்தனை நொடி எடுக்கிறார் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். அவருக்குத் தெரியாமல்தான். என் சந்தேகப் பட்டியலில் கடைசி வரை இல்லாத ஒரே பெயர் ஸ்டெல்லா.

ஒரு மதியம், தயிர்சாதத்தை நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டரிடம் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். டப்பாவை வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசியில் கேட்டார்.

“இவங்க ப்ரொசீஜருக்கு முன்னாடி சரியா சொன்னாங்களா?”

“முன்னாடி கேக்கல சார்.”

“சரி. நீங்க சொல்லுங்க, தாம்பரத்துல இருந்து மாம்பலம்.”

“தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பரங்கிமலை…”

“பழவந்தாங்கல் எங்க போச்சு?”

மறுபடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

“உங்களுக்கு எப்போ கதீட்டர் போட்டோம் ஸ்டெல்லா?”

பக்கத்து அறையில் யாரோ சிரித்தது கேட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நீங்க சந்தேகப்படறது தப்பில்ல. சின்னத் துகள், சின்னக் குமிழி மூளைக்குப் போகலாம்னு எங்களுக்கும் தெரியும். ஸ்கேன்ல புள்ளி தெரிஞ்சும் நல்லா இருக்கறவங்க உண்டு. ஞாபகத்துக்கு அது என்ன பண்ணுது, எத்தன நாள் பண்ணுதுன்னு நிச்சயமா சொல்ற தைரியம் எனக்கு இல்ல. பயம், தூக்கமின்மை, வயசு, ஊசி எல்லாம் சேர்ந்து கெடக்கு. முன்னாடி கேக்காம பின்னாடி கேட்டா, நீங்க எதையும் கண்டுபிடிக்கல. முன்னாடியும் கேளுங்க.”

அன்றிலிருந்து முன்பும் கேட்டேன், பின்பும் கேட்டேன். உண்மையைச் சொன்னால், பின்னால் தடுமாறியவர்களில் பலர் முன்னாலேயே தடுமாறியவர்கள்தான். என் பழைய பக்கங்களில் பாதி செத்துப்போயின. ஆனால் எல்லாமே சாகவில்லை. முன்பு சரியாகச் சொல்லி, பின்பு விட்டவர்களும் இருந்தார்கள். சிலர் மறுநாள் சரியாகச் சொன்னார்கள். சிலரை மறுநாள் கேட்பதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இந்த நேரத்தில்தான் பஷீர் பாய் வந்தார்.

மேடவாக்கத்தில் அவர் மச்சானுக்கு இரண்டு தண்ணீர் லாரிகள். பாய் லாரி ஓட்டுகிறவர் அல்ல, அனுப்புகிறவர். எந்த அபார்ட்மெண்டுக்கு எந்த லாரி, எத்தனை மணிக்கு, சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டி எந்தப் பக்கம், யாரிடம் சாவி என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருக்கும். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நெஞ்சுவலியோடு வந்து படுத்திருந்தவரிடம் ரயில் கேள்வியைக் கேட்டேன்.

“ரயிலா? நான் அதுல ஏறுனதே இல்ல சிஸ்டர். என்னாண்ட லாரி ரூட்டு கேளு, சொல்றேன்.”

“சரி, காலைல லாரி எங்கெங்க போகும்?”

“எழுதிக்க. மொதல்ல மஞ்ச பெயிண்டு. அப்பால ஜிம் பில்டிங். ரெண்டு கேட்டு. செகரட்டரி அம்மா. வாத்தியார் பில்டிங். கோயில் முட்டு. நாய் வூடு. பின்சம்ப்பு. லிஃப்ட் கெட்டது…”

“லிஃப்ட் கெட்டதுன்னு ஒரு அபார்ட்மெண்டா?”

“மூணு வருசமா கெட்டுதான் கீது. சரியாச்சுன்னா பேர மாத்திக்கலாம்.”

பதினாலு இடங்கள். மறுபடி சொல்லச் சொன்னேன். அதே பதினாலு, அதே வரிசை, மூச்சுவிடாமல். எழுதிக்கொண்டேன். அவர் மனைவி பக்கத்தில் நின்று, “என் பொறந்த நாளு மட்டும் ஞாபகம் இருக்காது சிஸ்டர்” என்றார். “அங்க சம்ப்பு இல்லியே” என்றார் பாய்.

கை வழி அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது; பாய்க்குக் கையில் ரத்தக் குழாய் மிகவும் வளைந்திருந்ததால் தொடை வழியாகவே போனோம். எதிர்பார்த்ததைவிடச் சிரமமான கேஸ். ஒரு கதீட்டர் நிற்கவில்லை, இன்னொன்று, அதுவும் நிற்கவில்லை. நாலாவது மாற்றம். ரத்தத்தைப் பின்னுக்கு இழுத்தேன், உப்புநீர் செலுத்தினேன், சாயக் குழாயை இணைத்தேன். அப்போது கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வார்டு நர்ஸ் அடுத்த நோயாளியின் சிறுநீரக ரிப்போர்ட்டைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்து, பாருங்கள் என்று சைகை செய்தார். எண் கொஞ்சம் கூடியிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“ஏர்?”

“கிளியர் சார்.”

அவர் அழுத்தினார். அதற்குப் பிறகுதான் நான் தலையைத் திருப்பிக் குழாயைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சாயம் போன பிறகு அது சுத்தமாகத்தானே இருக்கும்.

பாயிடம் எந்த மாற்றமும் இல்லை. திரையில் துடிப்பு ஒழுங்கு, ரத்த அழுத்தம் ஒழுங்கு. அடைப்பைத் திறந்து ஸ்டெண்ட் வைத்தோம், நெஞ்சுவலி நின்றது. டாக்டர் அங்கியை மாட்டி, தோளைச் சமப்படுத்தினார். “நல்ல வேலை” என்றார்.

மதியம் குழாயை உருவி அழுத்தியபோது கேட்டேன்.

“பாய், லாரி சொல்லுங்க.”

“மஞ்ச பெயிண்டு, ஜிம், ரெண்டு கேட்டு, செகரட்டரி அம்மா, வாத்தியார், கோயில் முட்டு… லிஃப்ட் கெட்டது…”

மறுபடி கேட்டேன். மறுபடியும் நாய் வூடும் பின்சம்ப்பும் இல்லை. என் விரல்களுக்குக் கீழே அவர் துடிப்பு ஒழுங்காக இருந்தது. என்னுடையது இல்லை.

“பாய், பின்சம்ப்புன்னு ஒரு பில்டிங்…”

“அது எது சிஸ்டர்? நம்ம கஸ்டமரா?”

டாக்டருக்குச் சொன்னேன். உடனே வந்தார். கையைத் தூக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். “சிரிக்கறதுக்கு இங்க இன்னா சார் கீது” என்றார் பாய். முகம் கோணவில்லை, கை இறங்கவில்லை, பேச்சு குழறவில்லை. ஆனால் டாக்டர் அதோடு விடவில்லை. நரம்பு டாக்டரைக் கூப்பிட்டார், மூளைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தில் இரண்டு மூன்று மிகச் சிறிய புள்ளிகள். புதியவை போலத் தெரிகிறது என்றார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். பெரும்பாலும் என்ற சொல்லை அன்று டைரியில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

குடும்பத்திடம் டாக்டரே உட்கார்ந்து பேசினார். எதையும் மறைக்கவில்லை. குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்பு கதீட்டர் பட்டு உதிர்ந்திருக்கலாம், சின்ன ரத்தக் கட்டியாக இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம், எது என்று சொல்ல முடியாது என்றார். ‘காற்றாகவும்’ என்றபோது நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை டைரியை எழுதினேன். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். கை தானாகப் போட்டது.

ஒரு மாதம் கழித்துப் பாய் பரிசோதனைக்கு வந்தார். இளைத்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றேன்.

“நெஞ்சு சூப்பர். மச்சான்தான் பேஜார் பண்றான். நான் அந்த ரெண்டு பில்டிங்க வுட்டுட்டேன். ரெண்டு நாள் தண்ணியே போவல. நாய் வூட்டம்மா நேரா ஆபீசுக்கே வந்துட்டாங்க, நாயோட. மச்சான் எல்லார் முன்னாடியும் கேக்கறான், ‘இன்னா மச்சான், ஹார்ட்ட ரிப்பேருக்கு வுட்டுட்டு மண்டைய அங்கயே மறந்துட்டு வந்துட்டியா?’ன்னு. ஆர்டர் எடுக்கற போனை அவன் புள்ள கைல குடுத்துட்டான். என்ன கேட்டாண்ட உக்கார சொல்ட்டான்.”

“கேட்டாண்டயா?”

“ஆமா. லாரி உள்ள வந்தா தொறக்கணும், போனா மூடணும். அதுக்கு ஞாபகம் வேணாம் பாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய டைரிகளையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அதே டிக், அதே சாய்வு. ஊசியைச் சந்தேகப்பட்டு எழுதிய பக்கங்களிலும், டாக்டரின் நொடிகளை ஒளிந்திருந்து குறித்த பக்கங்களிலும் அந்த டிக் மட்டும் சந்தேகமில்லாமல் நின்றது. அவற்றில் எத்தனை என் கண் போட்டவை, எத்தனை என் வாய் போட்டவை? பாய் கேஸில் நான் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஜன்னலில் அந்தக் காகிதம் இருந்தது. காகிதம் இல்லாத நாட்களில்? ஒழுங்காக எழுதுகிறவள் என்று என்னை நானே நம்பிய அத்தனை வருடங்களும் அந்த மேசையில் கிடந்தன. எதையும் சாட்சிக்குக் கூப்பிட முடியவில்லை.

மறுநாள் டாக்டர் அங்கியை மாட்டும்வரை காத்திருந்து சொன்னேன்.

“சார், பஷீர் பாய் கேஸ்ல நாலாவது மாத்தத்துல நான் பாக்காம ‘கிளியர்’ சொன்னேன்.”

‘அவர்களே’ வரும் என்று நின்றேன். வரவில்லை. சமப்படுத்திய அங்கியை மறுபடி சமப்படுத்தினார்.

“குமிழி இருந்துச்சா?”

“தெரியாது சார். பாக்கல.”

அங்கியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: “நானும் பாக்கல. நான் திரையப் பாத்துக்கிட்டே கேட்டேன், நீங்க ஜன்னலப் பாத்துக்கிட்டே சொன்னீங்க. ஒரு கேள்வி நடந்தது, ஒரு பதில் நடந்தது. பாக்கறது மட்டும் நடக்கல.”

“பாய்கிட்ட சொல்லணும் சார்.”

“சொல்லணும். நீங்க மட்டும் இல்ல. ரெண்டு பேரும்.”

நிர்வாகத்துக்கு அவரே எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் பாயையும் மனைவியையும் வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னோம். டாக்டர் தொடங்கினார், நான் முடித்தேன். காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். பாயின் மனைவி முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

பாய் யோசித்தார். “அந்த குமிழி இன்னா சைஸு இருக்கும்?”

“இருந்துச்சான்னே தெரியாது பாய்.”

“இருந்துதுன்னு வெச்சுக்க.”

“கடுகளவுகூட இருக்காது.”

“ம்.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “சிஸ்டர், லாரி ஃபுல்லான்னு டிரைவரக் கேட்டா ஃபுல்லுன்னுதான் சொல்லுவான். பொய் சொல்றான்னு இல்ல. தெனம் ஃபுல்லு, அதனால இன்னிக்கும் ஃபுல்லு. நான் ஏணியில ஏறி மூடியத் தெறந்து பாத்துட்டுதான் அனுப்புவேன். நெஞ்சு வலிக்க வலிக்க ஏறிகீறேன். நீ ஏன் தலையத் திருப்பிப் பாக்கல?”

அன்று மாலை அந்தக் கேள்வியை அப்படியே டைரியில் எழுதினேன்.

டாக்டர் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் லேபில் ‘ஏர்?’ என்ற கேள்வி இல்லை. டெக்னீஷியன் விரலைப் பாட்டிலில் வைத்து, குழாய் வழியாக இறக்கி, மூன்று திருகுகளையும் தொட்டு, கதீட்டர் வரைக்கும் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்ல வேண்டும். டாக்டர் திரையிலிருந்து தலையைத் திருப்பி அந்த விரலைப் பார்ப்பார். ஒரு கேஸுக்குக் கொஞ்ச நேரம் கூடியது. புதிதாக வந்த ஒரு டாக்டர், “என்ன சார், பூஜை மாதிரி இருக்கு” என்றார். “இருக்கட்டும்” என்றார் வரதன்.

அவர் இன்னொன்றும் செய்தார். பாயின் மச்சானைப் போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். இது கேலி செய்கிற விஷயம் இல்லை, ஆறு மாதம் பொறுங்கள், வேலையிலேயே வைத்திருங்கள், அதுதான் மருந்து என்று சொன்னதாக எனக்குப் பிறகு தெரிந்தது.

ஓய்வு பெற்ற மறுமாதம் மேடவாக்கம் போனேன். லாரி ஷெட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை, சாலை நனைந்திருந்தது. பாய் கேட்டருகில் இல்லை. உள்ளே, காதில் போனோடு, ஏணியில் பாதி உயரத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கினார்.

“சிஸ்டர்! இன்னா, தண்ணி வோணுமா?”

“லாரி சொல்லுங்க பாய்.”

சிரித்தார். “எழுதிக்க. நாய் வூடு, பின்சம்ப்பு, மஞ்ச பெயிண்டு, ஜிம், ரெண்டு கேட்டு…” பதினாலும் வந்தன.

“வரிசை மாறியிருக்கே?”

“அந்த ரெண்டையும் மொதல்ல தூக்கி வெச்சுட்டேன். மறக்கறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டா மறந்தாலும் பரவால்ல பாரு.”

அவர் ஞாபகம் திரும்பிவிட்டதா, அல்லது இல்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பழைய வரிசையில் சொல்லுங்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அதற்குள் ஒரு டிரைவர் வந்து, “பாய், ஃபுல்லு, போவட்டா?” என்றான். பாய் அவனுக்குப் பதில் சொல்லாமல் மறுபடி ஏணியில் ஏறினார்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆஞ்சியோ வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். பாய் உயிரோடு ஏணி ஏறுவதே அந்த ஸ்டெண்டால்தான். நாளை எனக்குத் தேவைப்பட்டாலும் அதே மேசையில் படுப்பேன். படுப்பதற்கு முன்னால் ஸ்டேஷன் பெயர்களைச் சொல்வேன், பழவந்தாங்கலை விடாமல். என் குழாயில் விரல் வைத்துப் பார்க்கிறார்களா என்றும் பார்ப்பேன்.

நித்யா, உன் ஃபார்மில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிற மாதிரி ஒரு வெற்றுக் கோடு போடச் சொல். கோட்டில் பொய் எழுதக் கொஞ்ச நேரமாவது ஆகும்.

இந்தக் கட்டுரைக்காகப் பாய் கேஸ் நாளின் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். அந்த டிக்கை அடிக்கவில்லை. அடித்தால் அது இருந்ததே தெரியாமல் போகும். அதன் பக்கத்தில், வேறு நிற மையில், இன்றைய தேதியிட்டு ஒரு சொல் எழுதியிருக்கிறேன்: பார்க்கவில்லை. அதற்கு மேலே உள்ள வரிகளின் டிக்குகளுக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினேன்.